தலைவனுக்கு முதலில் காது வேண்டும்

தலைமைத்துவ முகாம் என்றாலே நம் பிள்ளைகளுக்கு அதன் கால அட்டவணை மனப்பாடம். காலையில் கூட்டு வழிபாடு, பசியாறியதும் மேடைப்பேச்சு, மதியம் குழு விளையாட்டு, மாலையில் நேர நிர்வாகம். ஒலிபெருக்கியை எப்படிப் பிடிப்பது, கூட்டத்தை எப்படி அடக்குவது, எதிராளியின் கேள்வியை எப்படிச் சமாளிப்பது என்று எல்லாமே சொல்லிக் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவை பெரும்பாலும் வாய்க்கான பயிற்சிகள். நான் முகாம்களில் இலக்கிய வகுப்பு எடுக்கிறவன். நம் பழைய நூல்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று படுகிறது. தலைவனின் வாயைப் பற்றி அந்தப் புலவர்கள் கவலைப்பட்டது கொஞ்சம். அவன் காதைப் பற்றிக் கவலைப்பட்டதுதான் அதிகம்.

திருக்குறளின் பொருட்பாலைத் திறங்கள். 39-ஆவது அதிகாரம் இறைமாட்சி, அதாவது அரசனின் பெருமை. பத்தே குறள். அந்தப் பத்தில் ஒன்றை வள்ளுவர் காதுக்கென்றே ஒதுக்கி விடுகிறார். கேட்கக் கசப்பாக இருக்கும் பேச்சையும் பொறுத்துக் கேட்கிறவன் ஆட்சியில்தான் உலகம் நிலைக்கும் என்கிறார். அதோடு விடவில்லை. அடுத்து வரும் அதிகாரங்களின் வரிசையைப் பாருங்கள்: கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் செயல்திட்டம், வலிமை, காலம், இடம் என்று நாம் இன்று ‘வியூகம்’ என்று சொல்கிற சங்கதிகள் வருகின்றன. படையைப் பற்றிய அதிகாரம் 77-ஆவதாகத்தான் வருகிறது! கத்தியை எடுப்பதற்கு முன்னால் காதைத் தீட்டச் சொல்கிறார் மனுஷர்.

45-ஆவது அதிகாரத்தில் இன்னும் கடுமையாகவே ஒன்று சொல்கிறார். தவறு செய்யும்போது கண்டித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன், கெடுப்பதற்கு எதிரியே இல்லாவிட்டாலும் தானாகக் கெட்டுப்போவான் என்பது அதன் கருத்து. நம் இயக்கங்கள் பலவற்றின் வரலாற்றை இந்த ஒரு கருத்தை வைத்தே எழுதிவிடலாம். எதிரி வந்து கெடுத்த இயக்கம் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, நூல் அப்படிச் சொல்கிறது. நிஜத்தில் எவனாவது அப்படி இருந்தானா? இருந்தான். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன்.

ஒரே மன்னன், இரண்டு நாள்

உ.வே. சாமிநாதையர் 1894-இல் அச்சிட்டுக் கொடுத்த புறநானூற்றில் 35-ஆம் பாட்டையும் 46-ஆம் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே சோழனிடம் பாடியவை. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று அவனுக்குப் பெயர். ‘துஞ்சிய’ என்றால் இறந்த என்று பொருள். குளமுற்றம் என்ற இடத்தில் இறந்ததால் அந்த அடைமொழி.

35-ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் என்ற புலவர் வருகிறார். அவருக்கு ஒரு சிக்கல். பழைய நிலவரி பாக்கி நிற்கிறது. மழை பொய்த்ததோ விளைச்சல் குறைந்ததோ, கட்ட முடியவில்லை. அரசனைப் பார்த்து ‘ஐயா தள்ளுபடி செய்யுங்கள்’ என்று கெஞ்சியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. காவிரி பாயும் சோழ நாட்டின் செழிப்பைப் பாடித் தொடங்குகிறார். பிறகு மெல்ல அரசனுடைய வெண்கொற்றக் குடைக்கு வருகிறார். அந்தக் குடை எதற்கு? உன் தலையில் வெயில் படாமல் இருப்பதற்கா? இல்லையப்பா, குடிமக்களுக்கு நிழல் தருவதற்கு. போர்க்களத்தில் நீ வாங்குகிற வெற்றி யார் கொடுத்தது? உழுகிறவனுடைய கலப்பை கொடுத்தது. மழை தவறினாலும் விளைச்சல் குறைந்தாலும் ஊர் உன்னைத்தான் பழிக்கும். இது உலக வழக்கம், தெரிந்துகொள். ஆகவே பக்கத்தில் நின்று கோள் சொல்கிறவர்களின் பேச்சைத் தள்ளிவிட்டு, ஏர் பிடிப்பவனைக் காப்பாற்று. அவனைக் காத்தால் மற்றவர்களையும் காத்த மாதிரி.

இப்படித்தான் அந்தப் பாட்டு போகிறது. பாட்டின் கடைசியில் உள்ள பழைய குறிப்பு, அவருக்கு வரிபாக்கி தள்ளுபடி ஆயிற்று என்கிறது. அரசன் கேட்டான், செய்தான். நல்ல தலைவன் என்று நாம் கைதட்டிவிட்டுப் போய்விடலாம்.

போக முடியாது. 46-ஆம் பாட்டு குறுக்கே நிற்கிறது.

அதே கிள்ளிவளவன். மலையமான் என்ற தலைவன் மீது அவனுக்குப் பகை. மலையமானின் பிள்ளைகள், சின்னஞ்சிறுசுகள், அவன் கையில் அகப்பட்டுவிட்டார்கள். அவர்களை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சொல்லிவிட்டான். ஊர் மன்றத்தில் கூட்டம் கூடியிருக்கிறது, யானையும் வந்துவிட்டது. அப்போது கோவூர் கிழார் என்ற புலவர் எழுந்து பேசுகிறார்.

அவர் பேச்சைக் கவனியுங்கள். ‘நீ கொடியவன்’ என்று அவர் தொடங்கவில்லை. புறாவின் துன்பத்தைத் தீர்க்கத் தன் உடம்பையே கொடுத்த சிபியின் வழியில் வந்தவன் நீ என்று அவனுடைய குலத்தை நினைவூட்டுகிறார். அப்புறம் இந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்கிறார்: புலவர்கள் வறுமையில் வாடக் கூடாதென்று தங்களிடம் இருப்பதைப் பகிர்ந்து உண்கிறவர்களின் வம்சம். அதற்குப் பிறகு வருவதுதான் என்னை ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடும் இடம். அந்தக் குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கின்றனவாம். யானை அவர்களுக்குப் பயமாக இல்லை. சுற்றி நிற்கிற முன்பின் தெரியாத மனிதர் கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரளுகின்றனவாம். எது ஆபத்து என்றுகூடத் தெரியாத வயது. இதை ஒரு புலவர் பார்த்திருக்கிறார்; கோபத்தில் இருந்த அரசன் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிக் காட்டுகிறார், அவ்வளவுதான். பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் இஷ்டப்படி செய் என்று முடித்துவிடுகிறார்.

பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள் என்கிறது பழைய குறிப்பு.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். கிள்ளிவளவன் நல்ல தலைவனா, கெட்ட தலைவனா? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் பாதிப் பேர் ‘நல்லவன் சார், மன்னிச்சிட்டானே’ என்பார்கள். மீதிப் பேர் ‘குழந்தையை யானைக்குப் போட நினைச்சவன் எப்படி நல்லவன்?’ என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என் அபிப்பிராயம் வேறு. வரியைத் தள்ளுபடி செய்த கையும் யானையை வரச் சொன்ன கையும் ஒன்றுதான். மனிதர் இரண்டாகப் பிரிந்து கிடப்பதில்லை. அந்த இரண்டு நாளிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அவன் முன்னால் எழுந்து பேச ஒருவருக்குத் துணிவு இருந்தது, அவன் அதைக் கேட்டான். தலைவனை எடைபோடுவதற்கு நம் முன்னோர் வைத்த தராசு இதுதான் என்று நினைக்கிறேன். தவறே நினைக்காதவனை அவர்கள் தேடவில்லை. தவறு நடப்பதற்கு முன்னால் நிறுத்தப்படக்கூடியவனைத் தேடினார்கள்.

இன்னொரு சின்னச் சம்பவம், 43-ஆம் பாட்டில் இருக்கிறது. சோழன் நலங்கிள்ளியின் தம்பி மாவளத்தானும் தாமப்பல் கண்ணனார் என்ற புலவரும் வட்டு விளையாடுகிறார்கள். புலவர் ஒரு காயைக் கைக்குள் ஒளித்துவிட்டார். ஆமாம், கள்ள ஆட்டம்! இளவரசனுக்குக் கோபம் வந்து வட்டை எடுத்து அவர் மேல் எறிந்துவிட்டான். உடனே புலவர், ‘நீ சோழனுக்குப் பிறந்தவனே இல்லை’ என்று சொல்லிவிட்டார். அரச குலத்துப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? தலை போயிருக்கும். ஆனால் மாவளத்தான் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்ததும் புலவருக்கு உறைத்தது. தப்பு செய்தது நான், நாணியது நீ. தவறு செய்தவரைப் பொறுப்பது உன் குலத்துக்கு எளிது என்று காட்டிவிட்டாய் என்று சொல்லி, காவிரி மணலைவிட அதிக நாள் வாழ்க என்று வாழ்த்துகிறார். எனக்கு இந்தப் பாட்டு பிடிப்பதற்குக் காரணம், இதில் யாருமே சுத்தம் இல்லை என்பதுதான். சுட்டிக் காட்டியவரும் கள்ள ஆட்டம் ஆடியவர்தான். ஆனாலும் இருவருக்கும் வெட்கம் இருந்தது. அதனால் அந்த உறவு பிழைத்தது.

நம் ஊர்க் கதையில் கோவூர் கிழார் இல்லை

கோவூர் கிழாரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் வட்டாரத்துக் கதை ஒன்று நினைவுக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லோரும் படித்ததுதான். செஜாரா மெலாயு சொல்கிற சிங்கப்பூர்க் கதை.

கடலிலிருந்து வாள்மீன்கள் துள்ளிக் கரையில் நிற்பவர்களைக் குத்திக் கொல்கின்றன. அரசன் ஸ்ரீ மகாராஜா, ஆட்களை வரிசையாக நிற்க வைத்து அவர்களின் கால்களையே அரணாக்கச் சொல்கிறான். மனிதர்கள் செத்து விழுகிறார்கள். ஒரு சிறுவன் வந்து, காலுக்குப் பதிலாக வாழைத்தண்டை நிறுத்தலாமே என்கிறான். நிறுத்துகிறார்கள். மீன்களின் கூர்மூக்கு வாழைத்தண்டில் மாட்டிக்கொள்ள, ஆபத்து நீங்குகிறது. அரசன் நல்ல யோசனையைக் கேட்டானே, அப்புறம் என்ன? அப்புறம்தான் விஷயம். அருகில் இருந்த பிரமுகர்கள் அவன் காதில் ஓதுகிறார்கள்: இந்த வயதிலேயே இவ்வளவு மூளை என்றால் வளர்ந்தபின் என்ன ஆவானோ? அரசன் அதையும் கேட்டான். சிறுவனைக் கொன்றார்கள். அந்த இரத்தப் பழி சிங்கப்பூரின் மேல் விழுந்தது என்று நூல் சொல்கிறது. ரெட்ஹில் எம்ஆர்டி நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சிவந்த குன்றின் கதை தெரிந்திருக்கும்.

இங்கேயும் ஒரு பிள்ளை, அங்கேயும் பிள்ளைகள். இரண்டு அரசர்களுக்கும் காது இருந்தது. ஆனால் ஒருவன் பக்கத்தில் கோவூர் கிழார் நின்றார், இன்னொருவன் பக்கத்தில் பயத்தை ஊட்டுகிறவர்கள் நின்றார்கள். ஒரு இளையவன் திறமை காட்டினால் நம் செயலவைகளில் என்ன பேச்சு எழும் என்று யோசித்துப் பாருங்கள். ‘இவனை இப்பவே அடக்கி வைக்கலைன்னா அடுத்த தேர்தல்ல நாற்காலியைப் பிடிச்சுக்குவான்.’ வாள்மீன் கதை பழசாகவே இல்லை.

பிசிராந்தையாரும் இதைத்தான் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் எச்சரித்தார். புறநானூற்றில் 184-ஆம் பாட்டு. சிறிய வயலாக இருந்தாலும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். அதே யானை தானே வயலில் இறங்கிவிட்டால், நூறு வயல் இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரி வாங்குவதைப் பற்றிய பாட்டு என்று இதை வழக்கமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அரசன் எப்போது யானையாக மாறுகிறான் என்றும் அதில் இருக்கிறது. தரமறியாமல் இரைச்சல் போடும் பரிவாரத்தோடு சேரும்போது மாறுகிறான். நம் பிள்ளைகளின் சந்தாப் பணத்தையும் கோயில் நன்கொடையையும் கையாளும் பொருளாளர்கள் இந்தப் பாட்டை ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் இதை ஒரு நிர்வாக விதியாகவே வைத்திருக்கிறது. 1905-இல் மைசூரில் சாமா சாஸ்திரி சுவடியில் கண்டெடுத்த நூல் அது. பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் பிரித்து அரசனுக்கு வேலை ஒதுக்குகிற அந்த நூல், பகலின் இரண்டாம் பகுதியை நகரத்தார், நாட்டுப்புறத்தார் காரியங்களைப் பார்ப்பதற்கு வைக்கிறது. வந்தவரை வாசலில் காக்க வைக்காதே என்கிறது. காரணமும் சொல்கிறது: பார்க்க முடியாத அரசனை, பக்கத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடாததைச் செய்ய வைத்துவிடுவார்கள். தர்ம உபதேசமாக இல்லாமல் வெறும் அனுபவ அறிவாகச் சொல்லியிருப்பது எனக்குப் பிடித்தது.

கேட்டும் கேளாதவர்

இதுவரை கேட்டவர்களையும் கேட்கக்கூடாததைக் கேட்டவர்களையும் பார்த்தோம். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதுதான் மோசமானது என்பேன். எல்லாவற்றையும் கேட்பார்கள், தலையை ஆட்டுவார்கள், ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் ஓர் இரவு வருகிறது. பாண்டவர்களிடம் தூது போன சஞ்சயன் திரும்பி வந்து, செய்தியை நாளைச் சபையில் சொல்கிறேன் என்று போய்விடுகிறான். திருதராட்டிரனுக்குத் தூக்கம் வரவில்லை. விதுரனைக் கூப்பிட்டனுப்புகிறான். விடிய விடிய விதுரன் பேசுகிறான். விதுர நீதி என்று தனியாகவே படிக்கப்படும் பகுதி அது. யாருக்குத் தூக்கம் வராது, யார் அறிவாளி, யார் மூடன், செல்வம் எப்படி வரும், எப்படிப் போகும் என்று தொடங்கி, பாண்டவர்களின் பங்கைக் கொடுத்துவிடு, குலம் பிழைக்கும் என்ற இடத்திற்குத் திரும்பத் திரும்ப வருகிறான். திருதராட்டிரன் மறுக்கவில்லை. இன்னும் சொல், இன்னும் சொல் என்று கேட்கிறான். கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? நீ சொல்வது சரி, என் மனமும் அப்படித்தான் போகிறது. ஆனால் துரியோதனனைப் பார்த்ததும் மாறிவிடுகிறது. விதியை யார் வெல்ல முடியும்?

இத்தனைக்கும் இது முதல் தடவையும் இல்லை. வனவாச காலத்தில் இதே விதுரன் உண்மையைப் பேசியதற்கு, ‘போ, அவர்களிடமே போய் இரு’ என்று துரத்தியவன் இவன். பிறகு மனம் வருந்திச் சஞ்சயனை அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டவனும் இவன்தான். கெட்டவன் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாத மனிதன். அதனால்தான் ஆபத்தானவன். இராவணனை எடுத்துக்கொள்ளுங்கள். மாரீசன் சொன்னான், வீடணன் சொன்னான், கும்பகருணன் திட்டியே சொன்னான். இராவணன் கேட்கவில்லை, கேட்க மாட்டேன் என்பதை மறைக்கவும் இல்லை. தன் நிலை என்ன என்று எதிரில் நிற்பவனுக்குத் தெரிந்தது. வீடணன் கிளம்பிப் போக முடிந்தது. திருதராட்டிரனிடம் அந்த வசதிகூட இல்லை. ‘உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம்’ என்று கூட்டக் குறிப்பில் எழுதி முடித்துவிடுகிற தலைவனோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒரு விசித்திரம் சொல்கிறேன். வால்மீகியில் மாரீசன் இராவணனிடம் சொல்கிற ஒரு கருத்து, வீடணன் வாயிலும் வருகிறது, மகாபாரதத்தில் விதுரன் வாயிலும் வருகிறது, கிட்டத்தட்ட அதே சொற்களில். இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் எங்கும் கிடைப்பார்கள். கசப்பான நன்மையைச் சொல்கிறவனும் அரிது, அதைக் கேட்கிறவனும் அரிது என்பது அது. மூன்று பேர் மூன்று சபையில் சொல்லியும் மூன்று தடவையும் பலிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரில் ஒருவனை நிறுத்த வேண்டும் என்றால் நான் பாண்டியன் நெடுஞ்செழியனைத்தான் நிறுத்துவேன். சிலப்பதிகாரத்தில் அவன் செய்த தவறு சிறியதல்ல. அரசி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் போகிற வழியில், பொற்கொல்லன் குறுக்கே வந்து சிலம்பைத் திருடியவன் கிடைத்தான் என்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. நாளை சபையில் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. மனம் வேறெங்கோ இருந்த நேரத்தில், ஒரே ஒருவன் பேச்சைக் கேட்டு, நடந்துகொண்டே தீர்ப்பு. கோவலன் செத்தான். அந்த ஒருவன்தான் உண்மையான திருடன்.

ஆனால் அடுத்து என்ன நடந்தது? தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் வாசலில் நிற்கிறாள் என்று காவலன் நடுங்கிப் போய்ச் சொல்கிறான். உள்ளே விடு என்கிறான் அரசன். அயல்நாட்டுப் பெண், வணிகன் மனைவி, துணைக்கு ஒருவரும் இல்லை. சபை நடுவில் அரசனைக் குற்றவாளி என்கிறாள். கள்வனைக் கொல்வது அரச நீதிதானே என்று ஒரு தடவை பதில் சொல்லிப் பார்க்கிறான். என் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பில் முத்து என்று அவனே உண்மையைச் சொல்கிறான். அந்த நேரத்தில் ஒரு பொய் போதும், தப்பித்திருப்பான்! சிலம்பை வரவழைத்து அவள் முன்னால் வைக்கச் சொல்கிறான். அவள் உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பொற்கொல்லன் மேல் பழி போடவில்லை, காவலர் மேல் போடவில்லை. அரசன் நானா, நானே கள்வன் என்ற உணர்வோடு அரியணையிலிருந்து விழுந்து உயிர் விட்டான்.

தாமதமாகக் கேட்டதன் விலையை மதுரை நெருப்பில் கொடுத்தது, அதையும் மறக்கக் கூடாது. கோவலன் திரும்பி வரவில்லை. ஆனாலும் திருதராட்டிரனைவிட இவனை நான் ஒரு படி மேலே வைப்பேன். உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ‘செத்துப்போன பிறகு நல்லவன் பட்டம் எதுக்கு?’ என்று ஒரு தங்கை வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு என்னால் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சொல்லுகிறவன் பாடு

இதுவரை தலைவனையே பேசிவிட்டோம். இந்த இதழைப் படிக்கிற பெரும்பாலோர் தலைவர்கள் இல்லை. செயலவையில் நாலாவது ஐந்தாவது நாற்காலியில் இருப்பவர்கள், அல்லது கூட்டத்திற்கு வந்து பின்வரிசையில் உட்காருகிறவர்கள். உங்களுக்கும் ஒரு கடமையை நூல்கள் வைத்திருக்கின்றன. தானும் அறியாமல், அறிந்தவர் சொல்வதையும் தள்ளுகிற தலைவனாக இருந்தாலும், நல்லதை எடுத்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவன் கடமை என்கிறது அமைச்சு அதிகாரம். பலன் கிடைக்கும் என்பதற்காக அல்ல, கடமை என்பதற்காக.

எப்படிச் சொல்வது என்பதற்கும் வழி இருக்கிறது. மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் குளிர்காய்கிறவனை உவமை காட்டுகிறார் வள்ளுவர். நெருப்பை ரொம்ப நெருங்கினால் சுடும், ரொம்ப விலகினால் குளிரும். நாகனார் பாராட்டில் தொடங்கித் தேவைக்கு வந்தார். கோவூர் கிழார் திட்டவில்லை, குழந்தைகளின் கண்ணைக் காட்டினார். இருவரும் முகத்துக்கு முகம் பேசினார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு முகநூலில் பெயர் சொல்லாமல் பதிவு போட்டு, ‘புரிந்தவர்களுக்குப் புரியும்’ என்று எழுதுவது இந்த மரபில் சேராது.

ஆனால் பேசியவருக்கு என்ன ஆகிறது? நான் அறிந்த ஓர் இளைஞர் மன்றத்தில், தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்கு வசூலித்த பணத்தின் ரசீதை ஓர் இளம்பெண் கூட்டத்தில் மரியாதையாகத்தான் கேட்டாள். மறுநாள் அவளைப் புலனக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழுவில் எழுபதுக்கும் மேற்பட்ட பேர் இருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பணம் எங்கும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. ரசீதுகள் ஒரு பையில் அப்படியே இருந்தன. காட்டியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. அடுத்த தைப்பூசத்திற்குப் பந்தலில் நின்றவர்கள் ஐந்து பேர்.

அந்த எழுபது பேரை நினைக்கும்போது எனக்குக் கௌரவ சபை நினைவுக்கு வருகிறது. திரௌபதியை இழுத்து வந்தபோது அவள் கேட்டது ஒரு சட்டக் கேள்வி: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா? பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று நழுவினார். துரோணர் பேசவில்லை. சபையில் அவளுக்காக எழுந்து, இது செல்லாது என்று வாதாடியவன் துரியோதனனின் தம்பி விகர்ணன், வயதில் இளையவன். கர்ணன் அவனை, சின்னப் பையன் பெரியவர்கள் நடுவில் பேசுகிறாய் என்று அடக்கினான். விதுரனும் சபையைப் பார்த்து, பதில் சொல்லாமல் இருப்பதும் பாவம்தான் என்று எச்சரித்தான்.

விகர்ணனின் முடிவு பலருக்குத் தெரியாது. அவன் அண்ணனை விட்டுப் போகவில்லை. குருச்சேத்திரத்தில் கௌரவர் பக்கம் நின்றே போரிட்டான். வீமன் கையால் இறந்தான். தன் சபதத்திற்காகக் கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான் என்கிறது பாரதம். இன்னொரு தம்பி யுயுத்சு, திருதராட்டிரனுக்கு வைசியப் பெண்ணிடம் பிறந்தவன், போர் தொடங்குவதற்கு முன்பே படை நடுவில் பாண்டவர் பக்கம் நடந்துபோய்விட்டான். இலங்கையிலும் இதே இரட்டை வழி. வீடணன் போனான், கும்பகருணன் திட்டிவிட்டு, செய்த சோற்றுக்காக அங்கேயே நின்று மாண்டான்.

அடுத்த படிப்பு வட்டத்திற்கு இந்த நால்வரையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் கேட்கவே இல்லை என்று தெரிந்த பிறகு இருப்பதா, போவதா? நம் கிளைகள் இரண்டாக உடையும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் உள்ளே கிடக்கிறது. கும்பகருணன் பக்கம் பேசுவதற்கு ஒருவரும் வீடணன் பக்கம் பேசுவதற்கு ஒருவரும் முன்னாலேயே தயாராக வரட்டும். கிளைத் தலைவரும் வரட்டும், ஆனால் அன்றைக்கு அவர் கடைசியாகப் பேசட்டும்.